பாலசுந்தரத்தின் தலைத்துணி: காலனித்துவக் காலத்தில் உடையும் தன்னம்பிக்கையும்

முன்னுரை

கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குப் புறப்படும் மாணவர்கள் எம்மிடம் எழுப்பும் முதல் ஐயம் பெரும்பாலும் பாடத்திட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. எதை உடுத்திச் செல்வது என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் பழமொழியை அவர்களே மேற்கோளாகவும் காட்டுவர். நன்றாக உடுத்தியவர் தன்னம்பிக்கை பெறுகிறார். தன்னம்பிக்கை பெற்றவரை மற்றவர்கள் மதிக்கின்றனர். மதிப்புப் பெற்றவர் தம் தொழிலில் உயர்கிறார் என்பது அவர்களுடைய கணக்கு. தன்முன்னேற்ற நூல்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இக்கணக்கு முற்றிலும் தவறன்று. ஆயினும், அதில் ஒரு படி விடுபட்டுள்ளது. ஒருவர் உடுத்தியிருப்பதைக் கழற்றுமாறு சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வியே அந்தப் படியாகும்.

காலனித்துவ ஆட்சியில் உடை பெற்ற அதிகாரப் பொருள் குறித்து பெர்னார்ட் கோன் 1989இல் வெளியிட்ட கட்டுரையும் எம்மா டார்லோ 1996இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் வழிகாட்டிகளாக விளங்குகின்றன. அவை பெரிதும் இந்திய மண்ணையே களமாகக் கொண்டவை. கடல் கடந்த தமிழரின் வரலாற்றைப் பயில்வோர்க்கு அதே கேள்வி வேறொரு களத்தில் கூர்மையாக எழுகிறது. 1893, 1894 ஆகிய ஈராண்டுகளில் நேட்டாலின் டர்பன் நகரில் இரண்டு தலைத்துணிகள் குறித்த செய்திகள் பதிவாகியுள்ளன. ஒன்று பாரிஸ்டர் ஒருவரின் தலைப்பாகை. மற்றொன்று ஒப்பந்தத் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் தலைத்துணி. முதலாமவரை உலகம் அறியும். இரண்டாமவரின் பெயர் பாலசுந்தரம் என்பதற்கு மேல் பலரும் அறியார். இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

இலண்டன் உடையும் பம்பாய் நீதிமன்றமும்

மோகன்தாஸ் காந்தி 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். தாம் கப்பலிலிருந்து இறங்கிய காட்சியைச் ‘சத்திய சோதனை’யில் அவரே நகைச்சுவையோடு எழுதியுள்ளார். செப்டம்பர் மாத இறுதியில் வெள்ளைக் கம்பளி உடையுடன் கரையிறங்கியவர் அவர் ஒருவரே. மற்ற உடைகள் இருந்த பெட்டிகளோ முகவரிடம் சிக்கிக்கொண்டன; மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாணத்தோடு அந்த வெள்ளை உடையிலேயே அவர் காத்திருக்க நேர்ந்தது. பின்னர், ஆங்கிலக் கனவானாக மாறிவிட வேண்டும் என்ற வேட்கையில் பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை நேர உடை தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்கிற்கு உயரத் தொப்பி வாங்கினார். இரட்டைத் தங்கக் கடிகாரச் சங்கிலியை ஊரிலிருந்த தமையனாரிடம் கேட்டுப் பெற்றார். நடனமும் வயலினும்கூடக் கற்க முற்பட்டார். இந்த மயக்கம் ஏறத்தாழ மூன்று மாதங்களே நீடித்ததாகவும், உடையில் காட்டிய கண்டிப்பு மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

1891 ஜூனில் பாரிஸ்டரான அவர், நாடு திரும்பியபின் பம்பாய் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கை ஏற்றார். கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் நாவில் வரவில்லை. அப்படியே அமர்ந்தார். வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார்.

உடை தன்னம்பிக்கையைத் தரும் என்ற கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. குறையற்ற உடையும் இன்னர் டெம்பிளில் பெற்ற தகுதியும் இருந்தும், அவை அவருக்குப் பேசும் துணிவைத் தரவில்லை.

‘தலைப்பாகையைக் கழற்றுக’

1893 மே மாதம் அவர் டர்பனில் இறங்கியபோது உடுத்தியிருந்தவை ஃபிராக் கோட்டும் வங்காளப் பாணித் தலைப்பாகையும். இரண்டு மூன்று நாள்களில் வணிகர் தாதா அப்துல்லா அவரை நீதிமன்றத்திற்கு அழைத்துச் சென்றார். நடுவர் அவரை உற்று நோக்கிவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணித்தார். காந்தி மறுத்து வெளியேறினார். இது பலரும் அறிந்த செய்தி. அதன்பின் அப்துல்லா கொடுத்த விளக்கமே நமக்கு முதன்மையானது. முஸ்லிம் உடை அணிந்தோர் தலைப்பாகையோடு இருக்கலாம். ஏனைய இந்தியர் நீதிமன்றத்தில் நுழையும்போது அதைக் கழற்ற வேண்டும் என்பது அங்கு நிலவிய நடைமுறை. வணிகர்கள் தம்மை ‘அரபியர்’ என்றும், பார்சி எழுத்தர்கள் தம்மைப் ‘பாரசீகர்’ என்றும் சொல்லிக்கொண்டதன் உட்பொருள் இங்கே விளங்குகிறது. ‘கூலி’ என்ற பெயருக்குள் அகப்படாமல் தப்புவதற்கு உடை ஒரு வாயிலாக இருந்தது. தமிழ், தெலுங்கு ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அந்த வாயில் திறக்கவில்லை.

இத்தொழிலாளர்களின் வருகை 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பலுடன் தொடங்கியது. 1911இல் இம்முறை முடிவுக்கு வரும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தவர். தமிழ்ப் பெயர்களின் இறுதியில் வரும் ‘சாமி’ என்பதையே வெள்ளையர் இந்தியர் அனைவர்க்கும் இழிவுப் பெயராக்கினர். அச்சொல்லுக்குத் தலைவன் என்று பொருள் என்பதை அறிந்த சில இந்தியர், நான் உங்கள் தலைவன் அல்லவே என்று திருப்பிச் சொல்வதுண்டு என்று காந்தி எழுதுகிறார். அந்த மறுமொழி தமிழ் தெரிந்தவர்க்கே முழுச் சுவை தரும்.

தலைப்பாகையை விட்டு ஆங்கிலத் தொப்பி அணியலாமா என்று காந்தி ஒரு கட்டத்தில் எண்ணினார். அப்துல்லா தடுத்தார். அப்படி அணிந்தால் உணவு விடுதிப் பணியாளர் என்றே கருதுவார்கள் என்பது அவருடைய கருத்து. அத்தொழிலில் இருந்த இந்தியக் கிறித்தவர்கள் ஆங்கிலத் தொப்பி அணிந்தனர். இலண்டனில் கனவானின் அடையாளமாக இருந்த பொருள் டர்பனில் ஏவலாளின் அடையாளமாக மாறியிருந்தது. காந்தி தம் செயலுக்கு விளக்கம் தந்து இதழ்களுக்கு எழுதினார். ‘வேண்டாத விருந்தாளி’ என்று உள்ளூர்ச் செய்தித்தாள் அவரை வருணித்தது.

எனினும், அதே ஆண்டில் கோட்டு அவருக்குக் கைகொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியாவிற்கு முதல் வகுப்பில் செல்ல விரும்பியவர், நிலைய அதிகாரிக்கு முன்கூட்டியே கடிதம் எழுதினார். மறுமொழியை நேரில் பெற்றுக்கொள்வதாகவும் தெரிவித்தார். எழுத்தில் மறுமொழி வந்தால் அது மறுப்பாகவே இருக்கும். ‘கூலி பாரிஸ்டர்’ என்றதும் அதிகாரி தம் மனத்தில் ஓர் உருவத்தைக் கற்பித்துக்கொள்வார். ஆங்கில உடையில் நேரில் நின்றால் அந்த உருவம் கலையும் என்பது அவருடைய கணிப்பு. ஃபிராக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சென்றார். பயணச்சீட்டுக் கிடைத்தது. தம் தொழில்சார் தோற்றத்தைத் தெளிந்த நோக்கத்தோடு பயன்படுத்திய நிகழ்ச்சி இது. இங்கு உடை வேலை செய்ததற்குக் காரணம், எதிரே இருந்தவர் அதை ஏற்க இசைந்தமையே. டர்பன் நடுவர் இசையவில்லை. உடையோ ஏறத்தாழ ஒன்றுதான்.

1894 செப்டம்பரில் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப்பட்டபோது தலைமை நீதிபதியும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். இம்முறை காந்தி கழற்றினார். நீதிமன்ற வழக்கத்திற்கு உட்படுவதே முறை என்று கருதியதாகவும், ஆற்றலைப் பெரிய போராட்டங்களுக்குச் சேமித்து வைக்க விரும்பியதாகவும் அவர் கூறுகிறார். அப்துல்லாவும் நண்பர்களும் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய மனக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. முதல் நாள் மறுத்தவர், தொழிலில் இடம் கிடைத்த நாளில் இணங்கினார் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

பாலசுந்தரம்: இரண்டு பதிவுகள்

பாலசுந்தரம் டர்பனில் நன்கு அறியப்பட்ட வெள்ளையர் ஒருவரிடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். முதலாளி அவரை அடித்ததில் முன்பற்கள் இரண்டு சிதைந்தன. அவருடைய வழக்கை காந்தி இரண்டு இடங்களில் விவரித்துள்ளார். 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் தொடராக வெளிவந்த தன்வரலாற்றில் உள்ள வடிவமே பரவலாக அறியப்பட்டது. கிழிந்த உடையும் இரத்தம் வழியும் வாயுமாக, தலைத்துணியைக் கையில் ஏந்தியபடி, நடுங்கி அழுதுகொண்டே ஒரு தமிழர் அலுவலகத்திற்குள் வருகிறார். காந்தியிடம் எழுத்தராக இருந்த தமிழர் மொழிபெயர்க்கிறார். வெள்ளையரைக் காணச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளி, தொப்பியாயினும் தலைப்பாகையாயினும் வெறும் துண்டாயினும், தலையில் அணிந்ததை எடுத்துவிட வேண்டும் என்பது நேட்டாலில் சுமத்தப்பட்டிருந்த வழக்கம். இரு கைகளாலும் வணங்கினாலும் அது போதாது. அந்த வழக்கத்தையே பாலசுந்தரம் காந்தியின் முன்னும் கடைப்பிடித்தார். காந்தி துணியைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். சற்றுத் தயங்கியபின் அவர் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று அந்நூல் கூறுகிறது.

மற்றொரு பதிவு காலத்தால் முந்தியது. 1896இல் இராஜ்கோட்டில் அச்சான, அட்டையின் நிறத்தால் ‘பச்சைத் துண்டறிக்கை’ எனப் பெயர்பெற்ற நூலில் அது உள்ளது. நிகழ்ச்சி நடந்து ஈராண்டுகளுக்குள் எழுதப்பட்டமையால் அதன் சான்றுப் பெறுமதி மிகுதி. அதில் தலைத்துணி பணிவின் அடையாளமாக வரவில்லை. அது நீண்ட தலைப்பாகை. முற்றிலும் இரத்தத்தில் தோய்ந்தது. அடிபட்ட பாலசுந்தரம் முதலில் இந்தியத் தொழிலாளர் பாதுகாப்பாளரின் வீட்டிற்குச் செல்கிறார். மறுநாள் அலுவலகத்திற்கு வருமாறு சொல்லி அனுப்பப்படுகிறார். பின்னர் தாமே நடுவரிடம் செல்கிறார். நடுவர் மனம் இளகி, தலைப்பாகையை நீதிமன்றத்தில் வைத்துக்கொண்டு அவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறார். சில நாள்கள் கழித்தே அவர் காந்தியிடம் வருகிறார். பேச இயலாத நிலையில் இருந்ததால், தம் முறையீட்டைத் தமிழில் எழுதித் தருமாறு காந்தி கேட்கிறார். பாலசுந்தரத்திற்குத் தமிழ் எழுதத் தெரிந்திருந்தது.

இரு பதிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு எது பொய் என்று தேடுவது நம் நோக்கமன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில் நினைவு தன் போக்கில் காட்சியைச் சுருக்கியிருக்கும். ஆயினும், அவ்வாறு சுருங்கியபோது எது விடுபட்டது என்று கேட்க வேண்டியுள்ளது. முந்திய பதிவில் பாலசுந்தரம் தம் உரிமைக்காக இரண்டு வாயில்களைத் தட்டியவர், எழுத்தறிவுடையவர், முதலாளி மீது வழக்குத் தொடர்ந்து ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ள விரும்பியவர். பிந்திய பதிவில் அவர் நடுங்கி அழும் ஒருவராக மட்டும் நிற்கிறார். தன்மதிப்பு அவருக்குப் பிறர் வாயிலாக வந்து சேர்கிறது. தலைத்துணியைக் கட்டிக்கொண்டதால் தன்னம்பிக்கை பிறந்தது என்று பாடநூல்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடுவரின் கதவைத் தட்டியபோதே அது அவரிடம் இருந்தது என்பதே எமது கருத்து. அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தது, அதை மறைக்காமல் நிற்பதற்கான இசைவு. இசைவு தந்தவரோ, சத்திய சோதனையின் வரிசைப்படி, சற்று முன்னர்தான் நீதிபதி சொன்னதற்கிணங்கத் தம் தலைப்பாகையைக் கழற்றியவர்.

வழக்கின் முடிவில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறொரு வெள்ளையருக்கு மாற்றப்பட்டது. ஒப்பந்தத்திலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. 1896 அக்டோபர் 26 அன்று சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசிய கூட்டத்தில் காணப்பட்ட பெரும் எழுச்சிக்கு இந்நிகழ்ச்சியே காரணம் என்று அவர் கருதினார். துண்டறிக்கையின் மறுபதிப்பு 10,000 படிகள் சென்னையில் அச்சாயின.

தோளில் கிடந்த துண்டு

தலைத்துணியைக் கழற்றச் செய்யும் வழக்கத்தை வெள்ளையரே புதிதாகக் கண்டுபிடித்தனர் என்று எழுதினால் நமக்கு வசதியாக இருக்கும், அது உண்மையாகாது. மேல்சாதியினரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதும் அக்குளில் இடுக்குவதும் தமிழ் நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். தமிழர் மிகுதியாக வாழ்ந்த தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக அரை நூற்றாண்டு போராடினர். 1859இல் வந்த அரச அறிவிப்பும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வரம்புடனேயே அவ்வுரிமையை வழங்கியது. நாகசுரக் கலைஞர்கள் மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டி வாசிக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. சட்டையும் கோட்டும் அணிந்து, தலைமயிரைக் கத்தரித்து மேடையேறிய திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோற்றத்தை வெறும் ஆடம்பரம் என்று கொள்வோர் இதனை மறந்துவிடுகின்றனர். கப்பலேறிய தொழிலாளிக்குக் கழற்றும் பழக்கம் புதிதாக இருந்திருக்காது. யார் முன் கழற்றுவது என்பதே மாறியது.

உடை மாற்றத்தின் சுமையை வீட்டார் ஏற்றதையும் இங்கே குறிப்பிடலாம். 1896இன் இறுதியில் மனைவியையும் பிள்ளைகளையும் நேட்டாலுக்கு அழைத்துச் சென்ற காந்தி, இந்தியருள் நாகரிகம் மிக்கவர்களாகக் கருதப்பட்ட பார்சியரின் பாணியில் கஸ்தூரிபாவை உடுத்தச் செய்தார். பழக்கமில்லாத காலணியால் அவர்களுடைய கால்கள் புண்ணாயின. காலுறைகள் வியர்வையில் நாறின. ஒரு வழக்கறிஞரின் குடும்பம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதற்குக் குழந்தைகளின் கால்விரல்கள் விலை கொடுத்தன. இதையும் எழுதி வைத்த நேர்மைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

துறத்தலும் உடுத்தலும்

1913 டிசம்பரில், போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காகத் தலையை மழித்துத் தொழிலாளரின் எளிய உடையில் காந்தி டர்பன் கூட்டத்தில் தோன்றினார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931இல் அதே தோற்றத்துடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றார்.

அம்மாநாட்டில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்திருந்தனர். சீனிவாசன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைத் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிக் கழித்தவர். பாலசுந்தரங்களின் உலகை அருகிருந்து அறிந்தவர். அம்பேத்கர் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் தகுதி பெற்றவர். முழு ஆங்கில உடையிலேயே பொதுவாழ்வில் தோன்றியவர். 1927 டிசம்பரில் மகாத் நகரில் பெண்களிடம் பேசியபோது, சாதியைக் காட்டிக்கொடுக்கும் முறையில் சேலை உடுத்துவதை விட்டுவிடுமாறு வலியுறுத்தியவரும் அவரே.

ஒருவர் கோட்டைத் துறந்ததையும் மற்றவர் அதை விடாமல் அணிந்ததையும் எளிமை, ஆடம்பரம் என்ற அளவுகோலால் அளப்பது பிழை. துறப்பதற்கு முன் ஒன்று உரிமையாக இருக்க வேண்டும். உடுத்தாமல் இருக்குமாறு தலைமுறை தலைமுறையாகக் கட்டளையிடப்பட்டவர்களுக்கு அரையாடை ஒரு விடுதலையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

மலாயாத் தோட்டங்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் இதை நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. பெரிய துரையைக் கண்டால் தலைக்கட்டை அவிழ்த்து ஒதுங்கி நின்ற முதியோரைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் அரிது. கங்காணியின் கோட்டும் தலைப்பாகையும், கிராணியின் வெள்ளைக் காற்சட்டையும், தொழிலாளியின் வெற்றுடம்பும் தோட்டத்தின் படிநிலையைத் தொலைவிலிருந்தே காட்டின.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் இடம்பெற்றது. தோட்ட நிருவாகிகளுக்கு முன்னே மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட வேண்டும் என்பதே அது. கூலி உயர்வுக்கு நிகராக இதை ஏன் எழுதினர் என்று வியக்கும் ஆய்வாளர்கள், டர்பனில் 1894இல் கையில் ஏந்தப்பட்ட தலைத்துணியை நினைத்துப் பார்க்கலாம். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

ஈராண்டுகள் கழித்து, 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களுள் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர். சேலையைக் களைந்து காக்கிச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் அணிந்தனர். அந்தச் சீருடையும் மேலிருந்து வந்த கட்டளைதான். எதை உடுத்துவது என்பதை அங்கும் அவர்கள் முடிவு செய்யவில்லை. ஆனால் படைவீரர் அதிகாரிக்கு வணக்கம் செலுத்தும்போது தொப்பியைக் கழற்றுவதில்லை.